வால்யூம், நேரம், தூரம்: சின்னவர்களின் காதைச் சத்தத்திலிருந்து காப்பது எப்படி

பாட்டு கேட்காதே, இயர்போனைக் கழற்று என்று சொன்னதால் எந்தப் பிள்ளையும் பாட்டை விட்டதில்லை. விடவும் தேவையில்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்துதான் காதைக் கெடுக்கின்றன, அதனால் இரண்டில் ஒன்றைக் குறைத்தாலே பெரும்பாலான ஆபத்து போய்விடும். அதை எப்படிக் குறைப்பது, எதை முதலில் செய்வது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கும் ஆகும், காதில் எதையாவது மாட்டாமல் வெளியே கிளம்பாத இளைஞர்களுக்கும் ஆகும்.

சும்மா பயமுறுத்தலா என்று கேட்டால், இல்லை. 12 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களில் நூறு கோடிக்கும் அதிகமானோர் சத்தமாகக் கேட்கும் பழக்கத்தால் செவித்திறனை இழக்கும் ஆபத்தில் இருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். உள்காதில் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 15,000 முடிச்செல்கள் இருக்கின்றன. ஒலி வரும்போது அவற்றின் மேலுள்ள நுண்ணிய மயிர்கள் அசைந்து, அந்த அசைவு நரம்புக்குச் செய்தியாகப் போகிறது. பறவைகளுக்கு இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது, பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கடைசிவரைக்கும்.

சத்தமான கச்சேரி முடிந்து வெளியே வந்தால் காது அடைத்த மாதிரி இருக்கும், 'ஙொய்' என்று ஒரு ஓசை விடாமல் கேட்கும், மறுநாள் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே, அப்புறம் என்ன என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், மருத்துவர்களும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 2009-இல் ஷாரன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த ஆய்வில், கேட்கும் அளவு பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும், முடிச்செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே இருந்த இணைப்புகளில் ஏராளமானவை திரும்பவே இல்லை என்று கண்டார்கள். மனிதர்களுக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்று இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனாலும் 'மறுநாள் சரியாகிவிடும்' என்பதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொன்று, வலியை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். சத்தத்தால் காதில் வலி வருவதே 120 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) தாண்டித்தான். கெடுதல் அதற்கு வெகு முன்பே, 80-களிலேயே தொடங்கிவிடும்.

படி 1: ஒரே ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

டெசிபல் சாதாரண எண்ணாக ஏறுவதில்லை. 3 டெசிபல் கூடினால் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் இரண்டு மடங்கு. கேட்பவருக்கு லேசாகக் கூடிய மாதிரிதான் தெரியும், சில பேருக்கு அதுவும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் கேட்கக்கூடிய நேரம் பாதியாகக் குறைகிறது.

வாரச் செலவுக்குக் கையில் கொடுத்த பணம் மாதிரி இதை வைத்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த தரத்தின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். 83-க்குப் போனால் பெரியவர்களுக்கு 20 மணி நேரம், 86 என்றால் 10, 89 என்றால் 5. 95-க்குப் போனால் வாரம் முழுவதற்கும் ஒன்றே கால் மணி நேரம்தான். 100 டெசிபலில் 20 நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். பல போன்கள் இயர்போனில் முழு வால்யூமில் 100-ஐத் தொடுபவை, சில அதையும் தாண்டும். பள்ளிக்குப் போய்வரும் வழியில் தினமும் முழு வால்யூமில் கேட்கும் பிள்ளை திங்கட்கிழமையே அந்த வாரத்துக் கணக்கை முடித்துவிடுகிறது.

இதைத் தெரிந்துகொண்டால் போதும், மனப்பாடம் செய்ய வேண்டாம். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் சுமார், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் 85-ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கிறது. சத்தம் அளக்கும் மீட்டர் இல்லாத இடத்தில் இந்த ஒரு சோதனையே கைகொடுக்கும்.

படி 2: போனில் உச்சவரம்பு வையுங்கள்

இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன், ஐந்து நிமிட வேலை. பிள்ளை இல்லாதபோது ரகசியமாகச் செய்யாமல், பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். ரகசியமாக வைத்த பூட்டை அதே நாளில் கழற்றும் திறமை அவர்களுக்கு உண்டு.

ஐபோனில் செட்டிங்ஸ் போய், சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ், அதற்குள் ஹெட்போன் சேஃப்டி. அங்கே சத்தத்தைக் குறைக்கும் பொத்தானைப் போட்டால் 75-இலிருந்து 100 டெசிபல் வரைக்கும் நகர்த்தக்கூடிய ஒரு கோடு வரும். பெரியவர்களுக்கு 80, குழந்தைகளுக்கு 75 என்று வையுங்கள். அதற்கு மேல் போகும் ஒலியைப் போனே அமுக்கிவிடும். அதே ஐபோனின் ஹெல்த் ஆப்பில் இதுவரை எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள் என்ற வரைபடமும் இருக்கும். அதைத் திறந்து பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். நாம் பத்து முறை சொல்வதை அது ஒரே பார்வையில் சொல்லிவிடும்.

சாம்சங் போன்களில் வால்யூம் செட்டிங்ஸுக்குள்ளேயே மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கும் இடம் இருக்கிறது. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும், செட்டிங்ஸின் தேடும் பெட்டியில் வால்யூம் என்று போட்டுப் பாருங்கள். வால்யூமைக் கூட்டும்போது எச்சரிக்கை ஒன்று திரையில் வந்து நிற்குமே, படிக்காமலே சரி என்று அமுக்குவோமே, அதை இனிமேல் ஒரு முறையாவது படியுங்கள்.

டெசிபல் காட்டாத போன் என்றால், முழு வால்யூமில் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்ற பழைய விதி இருக்கிறது. முழுக்கச் சரியான விதி இல்லை, ஏனென்றால் ஒரு இயர்போனின் 60 இன்னொன்றின் 80-ஆக இருக்கலாம். ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது நல்லது. இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அமைதியான அறையில் உட்கார்ந்து, பாட்டின் வரிகள் தெளிவாகப் புரியும் அளவுக்கு மட்டும் வால்யூமை வைத்து, அது எத்தனையாவது கோடு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே போனாலும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை என்று முடிவு. தாண்டத் தோன்றினால் கோளாறு பாட்டில் இல்லை, சுற்றுப்புறச் சத்தத்தில். அதற்கு அடுத்த படி.

குழந்தைகள் ஹெட்போன் என்று 85 டெசிபல் வரம்பு போட்டு விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. 85 என்பது தொழிற்சாலையில் வேலை செய்யும் பெரியவர்களுக்கு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு வைத்த எல்லை. ஆறு வயதுப் பிள்ளை நாள் முழுக்கக் கேட்க வைத்த எண் இல்லை. பெட்டியில் போட்ட எண்ணைத் தாண்டிப் போகும் மாடல்களும் இருக்கின்றன. வாங்கலாம், ஆனால் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. நீங்களே காதில் மாட்டி முழு வால்யூமில் ஒரு நிமிடம் கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்டால்தான் வால்யூம் அதிகம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. காதை நன்றாக அடைக்கும் இயர்பட்ஸிலிருந்து ஒரு துளிச் சத்தம்கூட வெளியே வராது, உள்ளே 95 ஓடிக்கொண்டிருக்கும். நம்பாதீர்கள்.

படி 3: வால்யூமைக் கூட்ட வைக்கும் காரணத்தைக் குறையுங்கள்

பஸ், ரயில், விமானம் எல்லாவற்றிலும் எஞ்சின் இரைச்சல் இருக்கிறது. அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்று வால்யூம் தானாக ஏறும், இறங்கிய பிறகு அதைக் குறைக்க யாருக்கும் ஞாபகம் வராது.

வெளிச்சத்தம் உள்ளே வராமல் அடைத்தால் வால்யூம் தானாகக் குறையும். காதுக்குள் பொருந்தும் ரப்பர் முனை உள்ள இயர்போனில் பெட்டியோடு மூன்று அளவு முனைகள் வரும், பெரும்பாலும் எல்லோரும் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவிலேயே விட்டுவிடுவார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள். சரியான முனை உட்கார்ந்ததும் சுற்றுப்புறம் சட்டென்று தணியும், பாட்டில் அடித்தளத் தாளம் கூடிய மாதிரி இருக்கும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்றும் இல்லை.

நாய்ஸ் கேன்சலிங் உள்ளவை எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலிகளை நன்றாக அடக்கும், பயணத்துக்கு அதுதான் என் தேர்வு. சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் மட்டும் வேண்டாம், ஹாரன் கேட்காது. கன்ன எலும்பில் ஒட்டி வைத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் போன் (bone) கண்டக்‌ஷன் ஹெட்போன் காதுத் துளைக்குள் போகாததால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த அதிர்வும் கடைசியில் போய்ச் சேர்வது அதே காக்லியாவுக்குத்தான். வெளிச்சத்தம் கேட்கும் என்பது அதன் நன்மை, காதைக் காப்பது அதன் வேலை இல்லை.

இயர்போன் போட்டுக்கொண்டே தூங்குவது இன்னொன்று. சன்னமாக வைத்தால் கணக்கில் பெரிதாக ஏறாது, ஆனால் அடுத்து என்ன பாட்டு வரும், எவ்வளவு சத்தத்தில் வரும் என்று தூங்குகிறவருக்குத் தெரியாது. ஸ்லீப் டைமர் போட்டு அரை மணியில் அணையும்படி வைத்துவிடுங்கள்.

படி 4: கேம் ஆடுபவர்களுக்கு

கேமில் ஆபத்து வால்யூமைவிட நேரம். வார இறுதியில் ஒரே உட்காரலில் ஆறு மணி நேரம், அதில் நிமிடத்துக்கு நிமிடம் துப்பாக்கியும் வெடிகுண்டும். எதிராளியின் காலடிச் சத்தம் கேட்க வேண்டும், நண்பர்கள் பேசுவது கேட்க வேண்டும் என்றுதான் மொத்த வால்யூமையும் ஏற்றுகிறார்கள். பல கேம்களில் ஆடியோ செட்டிங்ஸில் இசை, விளைவு ஒலிகள், குரல் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். இசையை நன்றாக இறக்கி, குரலை மட்டும் ஏற்றிவிட்டு, அப்புறம் மொத்த வால்யூமைக் குறையுங்கள். ஆட்டம் கெடாது. முடிந்தால் பாதி நேரம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் ஆடச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்கள் கத்தினால் வால்யூம் தானாகக் குறையும்.

படி 5: கச்சேரிக்குப் போகும்போது

இங்கேதான் கணக்கு பலமாக அடிபடும். ஒலிபெருக்கி வைத்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த உச்சவரம்பே 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். அந்த வரம்பைச் சரியாக மதிக்கும் இடத்திலேயே மூன்று மணி நேரம் நின்றால் ஏறக்குறைய ஏழரை வாரத்துக் கணக்கு ஒரே இரவில் காலி. வெறும் 15 டெசிபல் குறைக்கும் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு அதே மூன்று மணி நேரம் நின்றால், ஒரு வாரக் கணக்கில் கால் பங்குதான் போகும். இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே காதடைப்பானை வாங்கலாம்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து இருக்கும் தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஐந்து மீட்டரில் நிற்பவர் பத்து மீட்டருக்குப் போனாலே நேரக் கணக்கு நான்கு மடங்காகிவிடும். மூடிய அரங்கத்தில் சுவரில் பட்டுத் திரும்புவதால் இவ்வளவு குறையாது, ஆனாலும் ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே நிற்காமல் தள்ளிப் போவது எங்கேயும் நல்லதுதான். மேடைக்கு முன்னால் நின்றே ஆக வேண்டும் என்கிறவர்கள் நடுநடுவே வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு வரலாம்.

ஃபோம் காதடைப்பான் எங்கேயும் கிடைக்கும், சரியாகப் போடத்தான் பலருக்கும் தெரிவதில்லை. விரல் நுனியில் பிடித்துக் காதின் வாயில் வைத்து அழுத்திவிட்டு, இது ஒன்றும் உதவவில்லை என்பார்கள். போடுவது இப்படி. கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, மடிப்பு விழாமல், எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக உருட்டுங்கள். இடது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் வலது காது மடலின் மேல் பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுங்கள், காதுத் துளை நேராகும். உருட்டியதை உடனே உள்ளே விட்டு, அது உப்பி நிறையும் வரை 30 விநாடி விரலால் அப்படியே பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்திருந்தால் நம் குரலே நமக்குக் குகைக்குள் பேசுவது போலக் கேட்கும். இரண்டு கையாலும் காதைப் பொத்திப் பாருங்கள், பொத்தியதும் சத்தம் பெரிதாகக் குறைந்தால் காதடைப்பான் சரியாகப் போகவில்லை, எடுத்து மறுபடி போடுங்கள்.

ஃபோமில் ஒரு குறை, உயர்ந்த சுருதி ஒலிகளை அதிகமாக அமுக்கிவிடும், பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். அது பிடிக்காததால்தான் பலர் பாதியில் கழற்றி எறிகிறார்கள். இசைக் கலைஞர்களுக்கென்று செய்த, உள்ளே வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், பாட்டு அதே பாட்டாக, சன்னமாகக் கேட்கும். அடிக்கடி கச்சேரிக்குப் போகிறவர்கள், குறிப்பாக டிரம்ஸ் வாசிக்கப் பழகுகிறவர்கள், ஃபோமில் பணத்தை மிச்சம் பிடிக்காமல் நேராக இதையே வாங்கலாம். பஞ்சு வேண்டாம், அது அநேகமாக எதையும் தடுக்காது.

சின்னக் குழந்தைகளுக்குக் காதுக்குள் எதையும் வைக்காதீர்கள். தலைக்கு மேலாக மாட்டி இரண்டு காதையும் மூடும் இயர்மஃப் இருக்கிறது, அதுதான் அவர்களுக்கு. கைக்குழந்தையை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், தூங்கிக்கொண்டிருக்கிறதே என்பது காரணம் ஆகாது. தூங்கினாலும் காது மூடிக்கொள்வதில்லை.

படி 6: ஒரே அடியில் கெடுப்பவை

இதுவரை சொன்ன நேரக் கணக்கு எதுவும் பட்டாசுக்கும் துப்பாக்கிக்கும் பொருந்தாது. பக்கத்தில் வெடிக்கும் பட்டாசு 140 டெசிபலையும் தாண்டும், ஒரே வெடியில் முடிச்செல்கள் கிழிந்துபோகலாம். திடீர்ச் சத்தத்துக்குக் குழந்தைகளுக்கு 120, பெரியவர்களுக்கு 140 என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. தூரமாக நிற்பதும், இயர்மஃப் மாட்டுவதும்தான் வழி. கையால் காதைப் பொத்துவதும் ஓரளவு உதவும், பற்ற வைப்பவருக்கு அந்தக் கை கிடைக்காது.

பொம்மைகளையும் பாருங்கள். சைரன் வைத்த கார், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாம் கடையில் கை தூரத்தில் கேட்கும்போது சாதாரணமாக இருக்கும். குழந்தை அதைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்கும். வாங்கும் முன் உங்கள் காதில் ஒட்டி வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால் ஸ்பீக்கர் துளை மேல் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று சுற்று ஒட்டிவிடுங்கள், வேலை செய்யும்.

மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போகிறவர்கள் கவனிக்காத ஒன்று, ஹெல்மெட்டுக்குள் அடிக்கும் காற்றின் இரைச்சல். நெடுஞ்சாலை வேகத்தில் அது 90 டெசிபலைத் தாண்டும், அதற்கு மேல் பாட்டு வேறு போட்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

படி 7: எப்போது மருத்துவரிடம் போவது

சத்தமான இடத்திலிருந்து வந்த பிறகு காதில் இரைச்சல், அடைப்பு இருந்தால் அன்றும் மறுநாளும் காதுக்கு ஓய்வு கொடுங்கள், இயர்போனே வேண்டாம். இரண்டு நாளாகியும் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். எண்ணெய் விடுவது, பட்ஸ் போட்டுக் குடைவது எதுவும் வேண்டாம், பழுது இருக்கும் இடத்துக்கு அவை போய்ச் சேரவே சேராது.

ஒரு காது திடீரென்று, மணிக்கணக்கிலோ ஓரிரு நாளிலோ, கேட்காமல் போனால் அது அவசரம். சத்தம் காரணமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே போக வேண்டும், அதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைந்துகொண்டே போகும்.

மெதுவாகக் கெடுவதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முதலில் போவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் (சுருதியை அளக்கும் அலகு) வரையுள்ள உயர்ந்த சுருதி ஒலிகள், அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. 'பத்து' என்றது 'கத்து' என்று விழும். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் பிள்ளை பேசாமல் ஒதுங்கி உட்காரும், டிவி வால்யூம் ஏறும், 'என்ன?' என்பது அடிக்கடி வரும். இதைத் திமிர், கவனமின்மை என்று எடுத்துக்கொள்ளும் பெற்றோர்கள் அதிகம், திட்டும் முன் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள்.

செவித்திறன் பரிசோதனை வலிக்காது. ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஓசை கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். முடிவை ஆடியோகிராம் என்ற வரைபடமாகத் தருவார்கள். சத்தத்தால் வந்த கெடுதல் என்றால் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிக் கோடு ஒரு பள்ளமாக விழுந்து, 8,000-இல் மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கும். மருத்துவரிடம் அந்த இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் முதலில் பார்த்துக்கொள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஹியர் டபிள்யூ.எச்.ஓ. என்ற இலவச ஆப் இருக்கிறது, அதில் மதிப்பெண் குறைவாக வந்தால் முறையான பரிசோதனைக்குப் போங்கள்.

இசை பழகும் பிள்ளை, சத்தமான இடத்தில் வேலைக்குச் சேரும் பிள்ளை என்றால், எந்தக் குறையும் இல்லாத இப்போதே ஒரு ஆடியோகிராம் எடுத்துப் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் மருத்துவருக்குக் கிடைக்கும்.